அக்கா பாட மறுத்த பாட்டு

1

இந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையைப் படி வழியாக ஏறினவர்களில் சிலர் அதைப் பார்த்திருப்பீர்கள். பாதி ஏற்றத்தில் ஒரு காவடிக் கூட்டம் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றது. ஸ்பீக்கரில் மட்டும் ஒரு பெண் குரல் விடாமல் பாடிக்கொண்டிருந்தது. கூட்டத்துக்குள் சண்டை என்கிறார்களாம் சிலர். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்கிறார்களாம் சிலர். செய்வினையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. செய்தது நான்.

அப்போது நான் ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில், துணி துவைக்கும் அறையில், கிழவர்களின் போர்வைகளை மெஷினுக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்தபடியே செய்தேன். வெளிநாட்டில் குடியேறினவர்கள் ஊருக்கு எழுதும்போது பனி எழுதுவார்கள், ரொட்டி எழுதுவார்கள், ரயில் நேரத்துக்கு வருவதை எழுதுவார்கள். (வருவதில்லை. அது வேறு கதை.) நானும் அதையெல்லாம் எழுதி முடித்தாயிற்று. இந்த முறை ஒரு மனுஷர் மேல் எனக்கிருக்கும் ஆத்திரத்தைப் பற்றி எழுதுகிறேன். படித்துவிட்டு "பொம்பளைக்கு இவ்வளவு வன்மம் ஆகாது" என்று சொல்கிறவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு வருத்தமில்லை.

2

எங்கள் வீடு திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டுக்குப் போகும் வழியில். நைனா, எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், நாலு பவர்லூம் போட்டிருந்தார். முன்கட்டில் தறி, பின்கட்டில் நாங்கள். தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவர்களுக்கு மெதுவாகப் பேச வராது. சோறு கேட்பதாக இருந்தாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். இங்கே மேல்வீட்டில் இருக்கிற அம்மாள் நான் ஊருக்குப் போன் பேசும்போதெல்லாம் தரையைத் தட்டுவாள். ஒருநாள் கீழே இறங்கி வந்து, வீட்டில் ஏதாவது அடிதடியா, போலீஸைக் கூப்பிட வேண்டுமா என்று என்னைத் தனியாகக் கேட்டாள். அம்மாவிடம் என்ன குழம்பு என்று கேட்டுக்கொண்டிருந்தேன் என்றேன். நம்பவில்லை.

அந்தத் தறிச் சத்தத்துக்கு மேலே பாடிப் பாடி வந்த குரல் என் அக்கா ரேணுகாவுடையது. நாலு தறியும் ஓடும்போது அவள் பாடினால் தெருமுனையில் கேட்கும். இனிமையான குரல் என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் கரகரப்பு, மேலே போகும்போது ஒரு பிசிறு. ஆனால் கேட்டால் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு நிற்பீர்கள்.

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் தெருப் பெண்கள் கூட்டமாகப் புஷ்பக் காவடி எடுத்துக்கொண்டு மலை ஏறுவார்கள். அதில் பாடுவதற்கு ஒரு முறை உண்டு. ஒருத்தி ஒரு வரியை எடுத்துக் கொடுப்பாள். மற்றவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். எடுத்துக் கொடுக்கிறவள் முன்னால் போக மாட்டாள், கடைசியில்தான் வருவாள். அவள் பார்க்க வேண்டியது கால்களை. யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் முட்டி நடுங்குகிறது என்று பார்த்து, அதற்குத் தகுந்தபடி வரியை இழுக்க வேண்டும். எல்லோரும் அடுத்த படியில் கால் வைத்த பிறகுதான் அடுத்த வரி. கூட்டம் வாங்கவில்லை என்றால் அவளும் நின்றுவிட வேண்டும். தானாக மேலே பாடிக்கொண்டு போகக் கூடாது. என் அக்கா பதினேழு வயதிலேயே எடுத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் பின்னால் வந்தால் குண்டுப் பெண்களும் தைரியமாகக் காவடி தூக்குவார்கள், ரேணு விட்டுட்டுப் போக மாட்டா என்று.

அப்படி அவள் பாடிக்கொண்டு ஏறியபோது கேட்டவர்தான், பின்னால் அவளுக்குப் புருஷனான பாஸ்கர் பாவா. சித்தூர் ரோட்டில் மைக்செட் கடை வைத்திருந்தார். திருவிழாவுக்குப் படி நெடுக ஸ்பீக்கர் கட்ட வந்த இடத்தில் கேட்டார். கேட்டவர் வீட்டுக்கே வந்து நைனாவிடம் பெண் கேட்டார். "உங்க பொண்ணு கொரலுக்கு ஒரு கோயிலே கட்டலாம் மாமா" என்றார். நைனா அப்படியே கவிழ்ந்துவிட்டார்.

கல்யாணமாகி வந்த முதல் ஆடிக்கே பாவா சொல்லிவிட்டார். "ஊர்ல இருக்கறவன்லாம் என் பொண்டாட்டி கொரலக் கேட்டுகினு ஏறணுமா? வீட்ல பாடு, போதும்."

அந்த வருஷத்திலிருந்து அவளுடைய சிநேகிதி தேசம்மா எடுத்துக் கொடுத்தாள். அக்கா கூட்டத்தோடு கூட்டமாக வாங்கிப் பாடிவிட்டு வந்தாள். வீட்டில் பாடு என்றாரே, வீட்டிலும் அவர் இருக்கும்போது பாடுவதை விட்டுவிட்டாள்.

பிறகு காலம் மாறியது. பக்திப் பாட்டைப் பாடி வீடியோ போட்டால் ஊர் உலகமெல்லாம் பார்க்கிறது, பேர் கிடைக்கிறது என்று பாவாவுக்குத் தெரிந்தது. கடைக்குப் பின்னால் ஒரு அறையில் சுவரெல்லாம் பஞ்சு மெத்தை ஒட்டி ஸ்டுடியோ போட்டார். அக்காவைக் கூப்பிட்டார். "ரேணு, ஒரு முருகன் பாட்டு எடுக்கலாம் வா."

அக்கா சொன்னாள்: "தொண்டை கட்டிகினு இருக்குதுங்க."

பனங்கற்கண்டு வாங்கி வந்தார். மிளகு பால் போட்டுக் கொடுத்தார். அரக்கோணத்தில் தொண்டை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லையே என்றார். மறுநாளும் தொண்டை கட்டிக்கொண்டுதான் இருந்தது. அவர் கேட்கும்போதெல்லாம் அது கட்டிக்கொண்டது. சாகும்வரை கட்டிக்கொண்டது. சண்டை இல்லை, சத்தம் இல்லை. எனக்குப் போன் செய்து மட்டும் சிரிப்பாள்.

"ஏன்க்கா, பாடிட்டுத்தான் போயேன். எவ்ளோ பேர் கேப்பாங்க" என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"அந்த ஒண்ணுதான்டி மஞ்சு என் கையில இருக்குது. அதையும் குடுத்துட்டா அப்புறம் நான் இன்னாடி?"

சொல்லிவிட்டு எனக்காகப் பாடுவாள், பாடினதைப் போனில் பதிந்தும் அனுப்புவாள். அவர் கடைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து, அம்மா வீட்டுக்கு வந்து, ஓடுகிற தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

போன வருஷம் ஆனி மாசம் அவள் மூளையில் ரத்தம் கசிந்து செத்துப்போனாள். பிள்ளைகள் இல்லை. எனக்கு டிக்கெட் கிடைத்து நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். படத்துக்கு மாலை போட்டிருந்தது. பாவா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உன் போன்ல அவ பாடுனது, பேசுனதுலாம் இருக்குமே, எனக்கு அனுப்புமா. படத்துக்கு முன்னால போட்டுக் கேட்டுகினு இருப்பேன்" என்றார். அழுகிற ஆம்பளையிடம் என்ன சொல்வது? எல்லாவற்றையும் அனுப்பினேன். எனக்காக அவள் பாடினதையெல்லாம் என் கையாலேயே வாங்கிக்கொண்டார்.

3

இந்த ஆனியில் வருஷ திதி வந்தது. அன்றைக்கு லீவு வேண்டும் என்று மேற்பார்வை பார்க்கிற அம்மாளிடம் கேட்டேன். என் ஜெர்மன் இன்னும் நொண்டிதான். "என் அக்காவின் சாவு நாள்" என்று சொன்னதாக நான் நினைத்துக்கொண்டேன். அவள் கண்கலங்கி என்னைக் கட்டிப்பிடித்து, மூன்று நாள் எடுத்துக்கொள், உனக்கு இன்னொரு அக்காவும் போய்விட்டாளா என்றாள். செத்துப்போனவள் ஒருத்திதான், வருஷா வருஷம் அந்த நாள் வரும் என்று விளக்கத் தொடங்கி, வார்த்தை கிடைக்காமல், தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். மூன்று நாளும் எடுத்துக்கொண்டேன்.

காலையில் குளித்து, அக்காவுக்குப் பிடித்த வடையைச் சுட்டு, ஜன்னல் விளிம்பில் காக்கைக்கு வைத்தேன். இந்த ஊர்க் காக்கைக்கு வடையெல்லாம் தெரியவில்லை. அப்போது என் மகள் தாரிணி அறையிலிருந்து வந்தாள். பதினாறு வயது. தமிழ் பேசுவாள், ஆனால் எந்த வார்த்தையை முன்னால் வைப்பது எதைப் பின்னால் வைப்பது என்று அவளாக முடிவு செய்துகொள்வாள்.

"அம்மா, பெரியம்மா புதுப் பாட்டு போட்டிருக்காங்க" என்றாள்.

"பழைய பாட்டா இருக்கும்டி. நான் பாவாவுக்கு அனுப்பினதுல ஒண்ணு."

"இல்ல. புதுசு. கேளு."

கேட்டேன். அக்கா குரல். சந்தேகமே இல்லை, அக்கா குரல்தான். பின்னால் வயலின், உடுக்கை, புல்லாங்குழல். பாட்டு இப்படிப் போயிற்று:

மலைமேல நிக்கிற வேலய்யா – என்
மகராசன் துணையோட வந்தேனய்யா
கைபிடிச்சு என்னை வாழவெச்ச
கண்ணாளன் பேர்சொல்லிப் பாடுறனய்யா

எனக்கு உள்ளங்காலிலிருந்து ஆத்திரம் ஏறியது. அந்தக் கண்ணாளன் யார் என்று எனக்குத் தெரியாதா? வீடியோவில் அக்கா படமும் பாவா படமும் பக்கத்தில் பக்கத்தில், நடுவில் முருகன். கீழே "மறைந்தும் பாடும் மனைவி" என்று போட்டிருந்தது. பார்த்தவர்கள் கைகூப்பி, கண்ணீர்விட்டு எழுதியிருந்தார்கள், என்ன பாசம், என்ன புருஷன் என்று.

"க்ளீனா இருக்குல்ல? ஒரிஜினலைவிட பெட்டரா இருக்கு" என்றாள் தாரிணி.

அவள் சொன்னது உண்மை. கரகரப்பு இல்லை, பிசிறு இல்லை. மூச்சு வாங்குகிற சத்தம்கூட இல்லை. பின்னால் ஓடுகிற தறிச் சத்தத்தையெல்லாம் துடைத்து எடுத்திருந்தார்கள். எனக்கு அக்காவைப் பற்றிப் பேச ஒரு ஆள் வேண்டியிருந்தது, இவளிடம் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நிறுத்துடி என்றேன். அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பாவாவுக்குப் போன் போட்டேன்.

"இன்னா பாவா இது?"

"கேட்டியா மஞ்சு? நல்லாக்கீதா?" அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். "சென்னைல ஒரு பையன் கம்ப்யூட்டர்ல பண்ணிக் குடுத்தான். நாம வார்த்தைய எழுதிக் குடுத்தா போதும், அதுவே அவ கொரல்ல பாடிடுது. நானே எழுதுனேன் பாட்ட. அவ திரும்பி வந்தாப்பல இல்ல?"

"அக்கா பாட மாட்டேன்னு சொல்லிச்சே பாவா. உங்க கிட்ட எத்தினி வாட்டி சொல்லிச்சு."

"அப்போ தொண்டை கட்டிகினு இருந்திச்சும்மா. இப்பதான் சரியாயிடுச்சே."

இதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. மனசாரச் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு மனுஷி வாழ்நாளெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன "மாட்டேன்" இந்த மனுஷர் காதில் ஒருநாளும் விழவே இல்லை. சளி என்றே நினைத்திருக்கிறார்.

அவர் மேலே பேசினார். சாவு விழுந்த வீடு ஒரு வருஷம் மலை ஏறக் கூடாது, அது முடிந்துவிட்டது, இந்த ஆடிக் கிருத்திகைக்குக் குடும்பத்தோடு காவடி எடுக்கிறோம், பழைய கூட்டத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே கலர் சேலை, தள்ளுவண்டி ஏறாது என்பதால் தலையில் தூக்கிப் போகிற ஸ்பீக்கர், ரேணுகாவே எடுத்துக் கொடுப்பாள், அவர்கள் வாங்கிப் பாடுவார்கள், வீடியோக்காரர் வருகிறார், நேரலை.

"உங்கம்மாவும் வர்ரேன்னுச்சு" என்றார்.

போனை வைத்துவிட்டேன். அந்த ஒன்றுதான் என் கையில் இருக்கிறது என்று அக்கா சொன்னாளே, அதைப் பிணத்தின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு மலை ஏறப் போகிறார். ஏற விடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

4

முதலில் முறைப்படி போய்ப் பார்த்தேன். இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்ததில் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. பள்ளிக்கூடத்தில் தாரிணியை ஒரு போட்டோ எடுக்க வேண்டுமென்றால்கூட என் கையெழுத்து கேட்டுத் தாள் வரும். நான் வேலை செய்கிற இல்லத்தில் ஒரு கிழவி, தன் சாவுக்கு எந்தப் பாட்டைப் போடக் கூடாது என்று இப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறாள். அதை மீறினால் கேஸ் போடலாமாம். அப்படிப்பட்ட தேசத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த வீடியோவை எடுக்கச் சொல்லி, அது ஓடுகிற தளத்துக்குப் புகார் கொடுத்தேன்.

கேள்விகள் வந்தன. இது உங்கள் குரலா? இல்லை. குரலுக்கு உரியவர் உயிரோடு இருக்கிறாரா? இல்லை. அவருடைய சட்டப்படியான வாரிசு யார்? கணவர். நல்லது, அப்படியானால் கணவரைப் புகார் கொடுக்கச் சொல்லுங்கள் என்று மரியாதையாகப் பதில் வந்தது. திருடனிடமே போய்க் கையெழுத்து வாங்கி வரச் சொல்கிறார்கள். நான் அதைப் படித்துவிட்டு எழுந்து போய் ஒரு கூடை வெங்காயம் நறுக்கினேன். எதையாவது வெட்டாமல் முடியவில்லை.

தாரிணி பார்த்துக்கொண்டே இருந்தாள். "உனக்கு வேணும்னா பெரியம்மாவை எது வேணும்னாலும் சொல்ல வைக்கலாம்மா. அஞ்சு நிமிஷம்" என்றாள். என் போனிலிருந்து அக்காவின் குரலை எடுத்து எதிலோ போட்டாள். "என்ன சொல்லணும், டைப் பண்ணு."

இதை ஊரில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டால் போதுமே, ஊரே அவரைப் பார்த்துச் சிரிக்குமே என்று நினைத்தேன். டைப் செய்தேன்: எனக்குத் தொண்டை கட்டிகினு இருக்குதுங்க, என்னால பாட முடியாது.

அக்கா சொன்னாள். வெண்கல மணி மாதிரி, கொஞ்சம்கூடக் கரகரப்பு இல்லாமல், தேனாகச் சொன்னாள், எனக்குத் தொண்டை கட்டிகினு இருக்குதுங்க.

தாரிணி சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது, அவள் பயந்துபோனாள். அவளுக்கு எப்படிச் சொல்வது? அக்கா அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவள் கண் ஒரு பக்கம் போகும், உதட்டோரம் இழுபடும், புருஷனை நேராகப் பார்க்காமல் புடவை முந்தானையைத் திருகுவாள். உள்ளே அவ்வளவு வீம்பு இருக்கும். இது சொன்னதில் ஒன்றும் இல்லை. பாடு என்றால் பாடும், மாட்டேன் என்று சொல் என்றால் மாட்டேன் என்றும் சொல்லும். பாவா சொன்னாலும் கேட்கும், நான் சொன்னாலும் கேட்கும். நானும் அவரும் ஒன்றாகிவிடுவோம்.

"அழிச்சிடு" என்றேன். அழித்தாள். அன்றைக்கு என் பக்கத்திலேயே உட்கார்ந்து, "பெரியம்மா ஏன் பாட மாட்டேன்னாங்க?" என்று கேட்டாள். சொன்னேன். முழுக்கவும் சொன்னேன். ஜெர்மனும் தமிழும் கலந்து கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள், நான் திட்டவில்லை.

மெஷினை வைத்து மெஷினை ஒன்றும் செய்ய முடியாது என்று எனக்குப் புரிந்தது. மனுஷர்கள் வேண்டும். தேசம்மாவைக் கூப்பிட்டேன்.

5

தேசம்மா இப்போதும் தறிதான் ஓட்டுகிறாள். தறியை நிறுத்தாமலேயே பேசுவாள். அவளோடு பேசினால் எனக்கு வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

"ரிகர்சல்னு கூப்ட்டாரு, போனோம்" என்றாள். "அது மூச்சே விட மாட்டுது மஞ்சு. எங்க வாங்கறதுன்னே தெரில. நாங்க முடிக்கங்காட்டியும் அடுத்ததுக்குப் பூடுது. லோகநாயகிக்கு அழுகையே வந்துட்ச்சு. ரேணு இப்டிலாம் பண்ணுவாளா?"

"அப்புறம் ஏன் போறீங்க?"

"இன்னா பண்றது? சேல எடுத்துக் குடுத்துட்டாரு. வருஷம் முடிஞ்சு காவடி எடுக்கறாங்கோ, வரமாட்டேன்னா நல்லாவா இருக்கும்?"

"போங்க. காவடி எடுங்க. ஆனா அந்தப் பாட்ட வாங்காதீங்க."

தறிச் சத்தம் நின்றது. தேசம்மா தறியை நிறுத்தி நான் கேட்டதில்லை.

"சாமி பாட்டுடி. மலைமேல நின்னுகினு வாங்காம வுட்டா பாவம் இல்லியா?"

இதை நான் எதிர்பார்த்திருந்தேன். எங்கள் கூட்டத்தில் எடுத்த வரியை வாங்காமல் விட்டதே கிடையாது. தாலி அறுந்தாலும் வரி அறுபடக் கூடாது என்கிற மாதிரி ஒரு பயம் எல்லோருக்கும் உண்டு. அதனால் நானும் அவர்கள் பாஷையிலேயே பேசினேன்.

"அரோகரா சத்தமா போடுங்க தேசக்கா. அது சாமிக்கு. அந்தப் பாட்டு சாமிக்கில்ல, பாஸ்கர் பாவாவுக்கு. வார்த்தையக் கேட்டியா? முருகன் பேரு ஒரு வாட்டி வருது, கண்ணாளன் பேருதான் எல்லாத்துலயும் வருது."

"அவ என்னாண்டயும் சொல்லிகினே இருப்பா, நான் பாட மாட்டேன், செத்தாலும் பாட மாட்டேன்னு" என்றாள் தேசம்மா. "செத்தா வுடுவாங்கன்னு நெனச்சிருக்கா, பாவம்."

"ஆங்."

"செரி. நான் பேசறேன் அவங்களாண்ட. நீ யார்கிட்டயும் வாயத் தொறக்காத."

எட்டுப் பேர் அந்தக் கூட்டத்தில். தேசம்மா ஒவ்வொரு வீடாகப் போனாள். இருவர் முதலில் பயந்தார்கள். ஒருத்தி, பாவாவின் கடையில்தான் தன் மகன் வேலை செய்கிறான் என்றாள். அவளிடம் மட்டும், நீ வாயை அசைத்துக்கொள், சத்தம் வராமல் பார்த்துக்கொள் என்று தேசம்மா சொல்லியிருக்கிறாள். கிருத்திகைக்கு முந்தின நாள் எனக்கு ஒரே ஒரு வரி செய்தி வந்தது: எல்லாம் பேசியாச்சு.

அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இனித்தது. பொய் சொல்லவில்லை.

6

ஊரில் ஒன்பதரை ஆனால் இங்கே காலை ஆறு. அப்போதுதான் என் ஷிஃப்ட் தொடங்கும். போனை மடித்த துண்டுகள் மேல் சாய்த்து வைத்தேன். நேரலை ஓடிக்கொண்டிருந்தது.

படிக்கட்டு முழுக்க மஞ்சள் மஞ்சளாக ஜனம். எங்கள் தெருக் கூட்டம் பாவா எடுத்துக் கொடுத்த ரோஸ் கலர் சேலையில் வந்தது. தோளில் பூக்காவடி. பின்னால் ஒரு ஆள் தலையில் ஸ்பீக்கர், அதற்குப் பின்னால் பட்டு வேட்டியில் பாவா, கழுத்தில் அக்கா படம் மாட்டிக்கொண்டு. அரோகரா என்றார்கள் எல்லோரும், மலையே அதிர்கிற மாதிரி. பாவா கையிலிருந்த போனைத் தட்டினார். பாட்டு தொடங்கியது.

மலைமேல நிக்கிற வேலய்யா...

இடைவெளி விட்டது. யாரும் வாங்கவில்லை. ஏழு வாய் மூடியிருந்தது, ஒன்று மட்டும் சத்தமில்லாமல் அசைந்தது. கால் மட்டும் நடந்தது. தேசம்மா முகத்தை வீடியோவில் பார்த்தேன், கல்.

அடுத்த வரியை எடுத்தது. இடைவெளி. யாரும் வாங்கவில்லை. பாவா சிரித்துக்கொண்டே முன்னால் ஓடி வந்து, "பாடுங்கம்மா, பாடுங்க" என்று கையை ஆட்டினார். அவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். மேலே ஏறி வந்துகொண்டிருந்த மற்ற கூட்டங்களும் நின்று திரும்பிப் பார்க்க ஆரம்பித்தன. அக்காவாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பாள், என்னடி ஆச்சு என்று கேட்டிருப்பாள். இது நிற்கவில்லை. கண்ணாளன் பேர்சொல்லிப் பாடுறனய்யா என்று வெட்கமில்லாமல் அந்த ஜனத்துக்கு நடுவில் தன்னந்தனியாகப் பாடிக்கொண்டே போயிற்று. பாவாவின் முகம் வெளிறிப்போவதைப் பார்த்தேன். பட்டு வேட்டியின் நுனியைப் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். அக்கா மாட்டேன் என்று சொன்னது அன்றைக்குத்தான் அவர் காதில் விழுந்தது. நான் துணி மெஷினைப் பிடித்துக்கொண்டு, "கேளுய்யா, நல்லாக் கேளு" என்று கத்தினேன். கத்தினது வெளியே நடைபாதைவரை கேட்டிருக்கும்.

அப்போது ஒரு குரல் வந்தது. மெல்லிசாக, நடுங்கிக்கொண்டு, நடுநடுவே இருமலோடு. ஒருத்தி வாங்கிப் பாடினாள்.

எங்கம்மா.

அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவள் கூட்டத்தில் பாடுகிறவளே இல்லை. தறிப்பஞ்சு நெஞ்சில் போய் உட்கார்ந்து எத்தனையோ வருஷமாகிறது, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினாலே மூச்சு வாங்கும். எல்லோருக்கும் கீழே, ஓரத்தில், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வாய் திறக்கக் கூடியவர்கள் யார் யார் என்று நான் யோசித்தபோது அவள் என் நினைப்பிலேயே வரவில்லை.

அம்மா அரை வரி பாடுவதற்குள் அது அடுத்த வரியை எடுத்துவிட்டது. அம்மா பாதியில் விட்டுவிட்டு அதைப் பிடிக்கப் பார்த்தாள். அதற்குள் அது அதற்கடுத்த வரிக்குப் போய்விட்டது. அவள் ஒரு படி ஏறினாள், இருமினாள், மறுபடியும் வாங்கப் பார்த்தாள். ஸ்பீக்கரை நோக்கி ஒரு கையை நீட்டினாள். தேசம்மா காவடியைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டுப் போய் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினாள். வீடியோக்காரர் அத்தோடு நேரலையை நிறுத்திவிட்டார்.

சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டேன். தேசம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தாள், படுத்திருந்தாள்.

"யம்மா, அது அக்கா இல்லம்மா" என்றேன்.

"தெர்யும்டி. மெஷினுன்னு எனக்குத் தெர்யாதா?"

"அப்புறம் ஏம்மா வாங்குன? நாங்க எல்லாரும் பேசி வெச்சு..."

"நீங்க இன்னா பேசி வெச்சீங்களோ." இருமினாள். இருமி முடிக்கிறவரை காத்திருந்தேன். "பெத்த பொண்ணு கொரல்ல கூப்புடுது. ஒருத்தியும் வாயத் தொறக்கல. நான் எப்பிடிடி சும்மா நிக்கறது?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எனக்கு மூச்சு வாங்கிச்சு மஞ்சு. கொஞ்சம் நில்லுடி ரேணுன்னு சொன்னேன்" என்றாள். "அது நிக்கல."

பாவா அந்த வீடியோவை எடுத்துவிட்டார். பாட்டையும் எடுத்துவிட்டார். பத்து நாள் கடையே திறக்கவில்லை என்று தேசம்மா சொன்னாள். நேற்று எனக்கே போன் செய்து, ஊரார் முன்னால் இப்படி அவமானம் பண்ணிட்டாங்களே, நான் யாருக்கு இன்னா கெடுதல் பண்ணேன் என்று அழுதார். என்னை ஆறுதல் சொல்லச் சொல்லி அழுதார். நான் சொல்லவில்லை.

என் அக்கா பின்னால் வந்தால் எந்தப் பெண்ணும் பயமில்லாமல் படி ஏறுவாள். அவள் குரலை எடுத்து, மூச்சு முட்டுகிற அவளுடைய அம்மாவையே படியில் விட்டுவிட்டுப் போகிற ஒன்றைச் செய்துவிட்டார் அந்த மனுஷர். பாட்டுக்காக அவரை ஒருநாள் விட்டாலும் விடுவேன். இதற்கு விட மாட்டேன்.